புண்ணின் கணக்கு

எரவாடாச் சிறையிலிருந்த மகாத்மா காந்திக்கு 1924 ஜனவரி 12-ல், புனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில், கர்னல் மாடக் குடல்வால் ரண சிகிச்சை செய்தார். நடுவே மின்விளக்கு அணைந்து, ஹரிக்கேன் லாந்தர் ஒளியில் காரியம் முடிந்த கதை நம் தோழர்கள் அறிந்ததே. பிறகு அவ்விடத்தில் சீழ்க்கட்டி கண்டு, குணம் தாமதப்பட்டதைப் பலர் மறந்தனர். பிப்ரவரி 5-ல் சர்க்கார் அவரை விடுவித்தது. தேசமே அந்தப் புண்ணைக் கவனித்திருந்தது. ஆகவே அது சரித்திரத்தில் ஏறிற்று.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவர், கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிக்குச் சென்று, குடலிறக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் வீடு. பத்தாம் நாள் தையலில் சீழ். உள்ளூர் வைத்தியர் கட்டுக் கட்டுகிறார். கூலி போகிறது, கடன் ஏறுகிறது. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலோ ‘குணமாகிச் சென்றார்’ என்றிருக்கும். வீட்டாரும், ‘சர்க்கரை உடம்பு, தலையெழுத்து’ என்று அடங்கிவிடுவர்.

தலையெழுத்தென்பதை நாம் ஒப்போம். 1847-ல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ், வைத்தியர்களின் கைகளைக் குளோரின் கரைசலில் கழுவச் செய்ததும் பிரசவ மரணங்கள் சரிந்தன. 1867-ல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் அழுகாமற் காக்கும் முறையை வெளியிட்டார். 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த விதிகளிற் பல, ஏழை ஆஸ்பத்திரிக்கும் எட்டக்கூடியவை. சிகிச்சைக்கு முன் நோயாளி சோப்பிட்டுக் குளிக்கவேண்டும். முதல் நாளே சவரக் கத்தியால் மழிப்பது நம் பக்கத்து நெடுநாள் வழக்கம், அது கூடாது. நுண்ணிய கீறல்களிற் கிருமி குடியேறும். ரோமத்தை அகற்றியே தீரவேண்டுமாயின் கத்தரிக்கும் கருவி போதும். ஆன்டிபயாடிக் தேவைப்படின், கத்தி படுமுன் 2 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். தைத்து முடித்தபின் நாட்கணக்கில் அதை நீட்டுவதால் புண்ணுக்குக் காவல் கூடுவதில்லை. மருந்துக் கடைக்கு வேண்டுமானால் லாபம் கூடலாம்!

இவ்வளவு தெரிந்தும், ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் ரண சிகிச்சை பெறுவோரில் 100-க்கு 11 பேரைக் கிருமி தொற்றுகிறதென்று அந்த ஸ்தாபனமே கூறிற்று.

2008 ஜூலையில் விழுப்புரம் ஜில்லாக் கிராமத்தார், பெரம்பலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்புரை நீக்கிக்கொண்டனர். தொற்றினால் 66 பேர் பார்வை இழந்தனர். சி.பி.ஐ. விசாரித்த வழக்கு திருச்சிக் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கோர்ட்டு கண்ணைத் திருப்பித் தராது என்பதை வக்கீல் தொழில் செய்த நாம் சொல்லவேண்டியதில்லை. 66 பேர் ஒருங்கே வாடியதால் நாடு அறிந்தது. ஒவ்வொருவராக, வெவ்வேறு மாதங்களில் வாடியிருந்தால்?

ஆகவே நமது கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், தான் கத்தி வைத்த நோயாளியை 30 நாள் வரை விசாரித்துப் புண்ணின் நிலையைப் பதிந்து, ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். வீட்டில் கைப்பேசி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தனர். அவ்வாறு வருவோர் தையலையும் பார்க்கலாகாதா? கடினமான நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரிக்கு எண்ணிக்கை கூடுமென்பது நியாயமான ஆட்சேபம். அதற்கேற்ப வகைபிரித்து வெளியிடட்டும்.

மண்ணச்சநல்லூர்த் தோழர்கள், தங்கள் பிரதிநிதிகள் மூலமாக ஆஸ்பத்திரி நிர்வாகிகளிடம் இதை எழுத்திலேயே கேட்கவேண்டும்: சென்ற வருஷம் உங்களிடம் ரண சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது?