தோற்றாதவரும் தேறாதவரும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போது, பரீட்சைக்குத் தோற்றாத மாணவனின் பெயருக்கு நேரே 'சித்தி' என்றும் எழுதுவதில்லை. 'சித்தியின்மை' என்றும் எழுதுவதில்லை. 'சமுகமளிக்கவில்லை' என்றே குறிப்பர். வகுப்பு இடாப்பைப் பேணும் ஆசிரியர் எவரும் இவ்வேறுபாட்டை அறிவர். மென்பொருளைத் தானாகவே சோதிக்கும் கணினி நிரல்களிலோ இஃது எளிதில் மறைந்துவிடுகிறது. அதனால் விளையும் கேட்டினை ஈண்டு நோக்குவாம்.

'கொ' என்னும் எழுத்தைக் கணினி சேமித்து வைக்குங்கால், ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் நிற்கும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் அரவு பின்னுமாகக் ககரத்தை அணைத்து நிற்றல் வேண்டும். இவ்வொழுங்கைச் செய்யும் மென்பொருள்களுள் ஒன்று ஹார்ப்பஸ் என்பது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளும், பயர்பொக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. அதிற் பிழை புகுமாயின், நல்லூரில் வாசிப்பவரும் ரொறன்ரோவில் வாசிப்பவரும் ஒருங்கே சிதைந்த தமிழைக் காண்பர். ஆதலின் அதன் சோதனைகள் நமக்கும் உரிய பொருளே.

எழுத்துருவொன்றிலிருந்து வேண்டிய எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கும் பகுதியும் ஹார்ப்பஸில் உண்டு. பிரித்தெடுத்த எழுத்துரு பழுதற்றதா என்று பார்க்க, அதன் சோதனை நிரல் ஓ.ரி.எஸ். என்னும் வேறொரு கருவியின் துணையை நாடியது. அக்கருவி எல்லார் கணினியிலும் இராது. இல்லாதவிடத்து, அது காணப்படவில்லை, அப்பரிசீலனைகள் தவிர்க்கப்படுகின்றன என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஏனையவற்றைத் தொடர்ந்து நடத்துமாறு நிரலை அமைத்திருந்தனர்.

இது தக்க முறையே. கருவி இல்லாமை மென்பொருளின் குற்றமன்று. அதனையே தவறென்று கூறி நிறுத்தினால், புதிதாய் உதவ வருபவர் முதல் நாளிலேயே கைவிட்டுப் போய்விடுவார்.

ஆயினும் அவ்வரியை எத்தனை முறை எழுதுவது? ஒவ்வொரு சோதனையிலும் அறிவித்தால், ஆயிரம் சோதனைகளுக்கு ஆயிரம் வரிகள் குவியும். அவற்றினிடையே உண்மையான பிழையறிவிப்பு ஒன்று, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தவறிய பிள்ளையின் நிலையை அடையும். தொடக்கத்தில் ஒரு முறை தேடிப் பார்த்து, ஒரு முறை கூறுதலே போதும். 2012 இல் வெளிவந்த ஒட்டோமேக் 1.13 ஆம் பதிப்பு, ஒவ்வொரு சோதனையின் வெளியீட்டையும் தனிக் கோப்பில் இட்டு, திரையில் முடிவை மட்டும் காட்டுவதை வழக்கமான முறையாக்கியது. தவறிய சோதனையின் கோப்பை மட்டும் திறந்து படித்தால் அமையும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒட்டோமேக் முறையில், சோதனை நிரல் முடிவில் 0 என்னும் எண்ணைத் தந்தால் தேறியது. 77 தந்தால் தவிர்க்கப்பட்டது. 99 தந்தால் சோதனையை நடத்துவதிலேயே கடுங்கோளாறு. வேறெந்த எண்ணும் தவறியது என்பதாம். தவிர்த்ததாக வாயாற் கூறிவிட்டு 0 தரும் நிரல், சமுகமளியாதவனுக்குச் சித்தி வழங்குகிறது! முழுச் சோதனையும் நடவாதபோது 77 தருவதே நேர்மை. ஒரு பகுதி மட்டும் நடவாதாயின், அப்பகுதியைத் தனிச் சோதனையாகப் பிரித்துவிடுதல் நன்று.

தனியார் கணினியில் இச்சலுகை இருக்கட்டும். மாற்றங்களை ஏற்குமுன் பரிசோதிக்கும் பொதுக் கணினியிலோ கருவிகள் யாவும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும்; ஆங்கு ஒன்று காணப்படாவிடின் அதனைத் தவறென்றே கொள்ளல் வேண்டும். தவிர்த்தவற்றின் தொகையை இறுதி வரியில் தனியே அச்சிட்டு, நேற்றையினும் அது கூடியிருப்பின், தேறியவற்றை எண்ணுமுன் அதன் காரணத்தைத் தேடுக.