இரு எஞ்சின்கள், ஒரே தாளம்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இத்தாலிய டுகாட்டியும் நம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-உம் சென்றால் உற்றுக் கேளுங்கள். இரட்டைச் சிலிண்டர்களின் முழக்கத்தில் ஒரே தாளம்! காரணம் என்ன?

டுகாட்டியில் இரு சிலிண்டர்கள் 90 பாகைக் கோணத்தில் 'வி' போல விரிந்துள்ளன. 2018-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இன்டர்செப்டரில் அவை அருகருகே நிற்கின்றன. ஆனால் கிராங்க் அச்சில் பிஸ்டன்கள் 270 பாகை விலகி இணைந்துள்ளன. ஆகவே இரண்டிலும், ஒரு பிஸ்டன் உச்சியில் கணநேரம் நிற்கையில் மற்றது ஏறக்குறைய முழுவேகத்தில் ஓடும். ஒன்று இழக்கும் இயக்க ஆற்றலை மற்றது பெறுவதால் சுழற்சி சீராகிறது.

எரிபொருள் எரிவதும் 270, 450 பாகை இடைவெளிகளில் மாறிமாறி நிகழ்கிறது. இரு சுற்றுக்கு 720 பாகை. அதுவே அத்தாளம்.

வேறுபாடும் உண்டு. 'வி' எஞ்சினுக்கு அதிர்வைத் தணிக்கும் தனித் தண்டு வேண்டியதில்லை. ஆனால் இடம் அதிகம் வேண்டும். இன்டர்செப்டருக்கு இடம் குறைவு, தண்டு தேவை.