பயப்பட வேண்டியது எந்த ஸ்டீராய்டுக்கு?

கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் தெற்கே போகும் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் நோயாளிக் குடும்பங்களை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். மூட்டை முடிச்செல்லாம் தரையில் கிடக்கும். பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் மடியை விட்டு இறங்காது. காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போகிறவர்கள். நிலையத்தை ஒட்டிய ஏரியில் சீழ்க்கைச் சிறகிகள் வந்து இறங்கியிருந்த ஒரு டிசம்பர் மாலை, அப்படி ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து வயதுப் பையனுக்கு இளைப்பு. தோள்பட்டை ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவின் பையில் ஒரு இன்ஹேலர் இருந்தது, பெட்டிகூடப் பிரிக்காமல். "ஸ்டீராய்டு, அண்ணா. பழகிவிடும் என்கிறார்கள்" என்றார். சொல்லிவிட்டு, அதே பையிலிருந்து பாதி சுருட்டிய ஒரு ட்யூபை எடுத்து, கழுத்திலும் கன்னத்திலும் இருந்த கரும்படையில் தடவிக்கொண்டார்.

வங்காளத்தில் அதை மொலோம் என்கிறார்கள், நம் ஊரில் ஆயின்மென்ட். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, எட்டு மாதமாகப் பூசுகிறாராம். ட்யூபை வாங்கிப் படித்தேன். க்ளோபெட்டசால் புரோபியோனேட் 0.05 சதவீதம், கூடவே ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு கிருமிக்கொல்லி. அவர் கன்னத் தோல் சிவந்து, காகிதம்போல மெலிந்து, நூலிழை அளவு ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன.

க்ளோபெட்டசால் ஸ்டீராய்டுதான். பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது. மகனுக்கு எழுதிக்கொடுத்த இன்ஹேலரில் இருந்த புடெசோனைடும் ஸ்டீராய்டுதான். ஒரு இழுப்பில் 200 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தாய் பயந்தது இந்த இரண்டில் சிறியதற்கு.

இந்தத் தலைகீழ்ப் பயம் கொல்கத்தா, சென்னை, மதுரை என்று எங்கும் இருக்கிறது. இன்ஹேலர் என்றால் கையை உதறுகிற அதே வீட்டில், அரிப்புக்கு ஊசி, முகத்துக்கு க்ரீம், மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை எல்லாம் தடையில்லாமல் புழங்கும்.

ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், வாத நோயால் முடங்கிக்கிடந்த ஒரு பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழு கார்ட்டிசோன் கொடுத்தது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. இந்த மருந்தின் பலனைத் தோல் நோயாளிகள் முழுமையாக உணர்ந்தது பெம்ஃபிகஸில். உடலின் பாதுகாப்புப் படையே தோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் அது. கொப்புளத்துக்குப் பக்கத்தில், நன்றாக இருப்பதாகத் தெரியும் தோலைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டீராய்டு வருமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1980களில் டெல்லி எய்ம்ஸில் ஜே.எஸ். பஸ்ரிச்சா மாதம் ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை டிரிப்பில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேரும். இந்தியாவில் எத்தனையோ பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சிகிச்சை அது. ஆனால் ஒவ்வொரு துளியும் கணக்கெழுதி, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருத்துவமனையில் ஏற்றப்பட்டது.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கொல்கத்தாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வசித்த குழந்தை உளவியலாளர் அனுராதா சாஹா, 1998இல் விடுமுறைக்குக் கொல்கத்தா வந்தார். தோலில் தடிப்பு வந்தது. நோயின் பெயர் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். பெரும்பாலும் ஏதாவது ஒரு மருந்து ஒவ்வாமல், பாதுகாப்பு அணுக்கள் சொந்தத் தோலையே கொன்று, தீக்காயம்போல உரித்தெடுக்கும் கொடிய நோய். அவருக்கு டெப்போமெட்ரால் ஊசி 80 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை எழுதப்பட்டது. டெப்போ வகை என்றால் தசையில் தங்கி மெல்லக் கரைந்து நாள்கணக்கில் வேலை செய்வது. ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் ஒன்றிரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. மே 28ஆம் தேதி மும்பையில் அவர் இறந்தார். வயது 36. கணவர் குணால் சாஹா, அவர் ஒரு மருத்துவர், பதினைந்து ஆண்டு வழக்காடினார். சிகிச்சையில் அலட்சியம் நடந்தது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2013 அக்டோபர் 24இல் சுமார் 6 கோடி ரூபாயை வட்டியோடு இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் தொகையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மருந்து எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கொரு தடவை என்று நீதிபதிகள் வரிவரியாக ஆராய்ந்த பக்கங்கள்தான் நோயாளிகளுக்குத் தெரிய வேண்டியவை என்று நான் நினைக்கிறேன்.

மருத்துவமனை ஊசிக்காவது ஒரு சீட்டு இருக்கும், பின்னால் கேள்வி கேட்கலாம். க்ரீமுக்கு அதுவும் இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் பல ஊர்த் தோல் மருத்துவர்கள் முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 433 பேர், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒருவர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார். அந்த ஆய்வில் பங்கெடுத்த கொல்கத்தாவின் கௌஷிக் லஹிரி, அரிஜித் கூண்டுவுடன் சேர்ந்து, இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு 'பூச்சு ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்ற பொருளில் ஒரு மருத்துவப் பெயரே வைத்தார். முதல் வாரம் முகம் பளிச்சென்று வெளுக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், பருவாய்ப் பொரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். படர்தாமரையில் பூசினால் இன்னும் மோசம். அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். சொரியாசிஸ்காரர்கள் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் வெடிக்கும் நிலைவரை போகலாம்.

தோலில்தானே பூசுகிறோம் என்ற சமாதானமும் நிற்காது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். க்ளோபெட்டசாலை அப்படி நான்கு கோடு, தினம் 2 கிராம் பூசினாலே அட்ரினல் சுரப்பி அடங்கிப்போகக்கூடும் என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராம் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அம்மா எட்டு மாதம் பூசியிருந்தார்.

2018 மார்ச்சில் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும் அடக்கம். சட்டம் வந்துவிட்டது. கடையில் பெயரைச் சொன்னால் ட்யூபும் வந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பிரிக்காத பெட்டி. ஆஸ்துமாவுக்கு மூச்சில் இழுக்கும் பெக்லோமெத்தசோன் 1972இல் பிரிட்டனில் வந்தது. அதற்கு முன் கடும் இளைப்புக்காரர்கள் மாத்திரையைத்தான் நம்பியிருந்தார்கள். முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறியவர்கள் பலர். இன்ஹேலரின் வேலை, மருந்தை நோய் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால் நுரையீரலுக்குள் போகும், பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை விழுங்கினாலும், புடெசோனைடு என்றால் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடும். காலை ஒரு இழுப்பு, மாலை ஒரு இழுப்பு என்றால் 400 மைக்ரோகிராம். மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனையில் கொடுக்கும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் என்பது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு வீரியமுள்ள மருந்துகள், நேருக்கு நேர் வகுத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் எதற்குப் பயந்து எதை வரவழைத்துக்கொள்கிறோம் என்பது அந்த எண்களில் தெரிகிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆஸ்துமா மரணங்களிலோ 42 சதவீதம் இங்கே என்கிறது உலக நோய்ச்சுமைக் கணக்கு.

இன்ஹேலருக்கும் எல்லை உண்டு. தினமும் அதிக அளவில் ஆண்டுக்கணக்கில் இழுத்தால் தோல் மெலியும், அட்ரினலும் அடங்கலாம். ஹெச்.ஐ.வி.க்குத் தரும் ரிட்டோனவிரோடு ஃப்ளூட்டிகசோன் சேர்ந்தால் சிறிய அளவே பெரிதாகிவிடும். இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்படை வரும். தோல் நோய்க்கு இழுப்பு மருந்து உதவவும் உதவாது.

இன்னொன்றும் உண்டு. எந்த வழியில் போனாலும், ஸ்டீராய்டு வாரக்கணக்கில் உள்ளே போனபின் படக்கென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருவதை நம்பி அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கக்கூடும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைப்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதை டாக்டர்தான் போட வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை வீசிவிட வேண்டாம்.

என் அரைகுறை வங்காளத்தில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. ட்யூபில் செங்குத்தாக ஓடும், சீட்டு மருந்து என்று காட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்காட்டி, "மாஷிமா, இதுவும் ஸ்டீராய்டு. தூக்கிப் போடாதீர்கள், வேலூர் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். அவர் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி வரும் அறிவிப்பு கேட்டதும் எழுந்தார். ட்யூபைப் பையில் போடாமல், ஃபைலைத் திறந்து, மகனின் எக்ஸ்ரேக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.