அபேட்சகர்களும் ஊர் அபிவிருத்தியும்

சட்டசபைத் தேர்தல் வந்துவிட்டால் அபேட்சகர்கள் வீதிதோறும் வந்து நிற்பது வழக்கம். கட்சி எதுவாயினும் அவர்கள் பேசும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. சாலை போடுவோம், சாக்கடை கட்டுவோம், குழாயில் தண்ணீர் விடுவோம் என்கிறார்கள். இவ்வாக்குறுதிகளை நாம் இகழ்கிறோமில்லை. ஜனங்களின் அன்றாடக் கஷ்டம் இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் சட்டசபைக்குச் செல்லும் ஒருவர் அங்கே சென்று செய்யக்கூடியது எது, நகரசபையாரிடம் போய்க் கெஞ்சிக் கேட்கவேண்டியது எது என்பதை அபேட்சகர்களும் சொல்வதில்லை, ஓட்டர்களும் கேட்பதில்லை. இதனால் விளையும் தீங்கைச் சென்னையின் தென்புறத்தை உதாரணமாகக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

சோழிங்கநல்லூர்த் தொகுதியில் 2021 ஆம் வருஷத்துத் தேர்தலின்போது சுமார் 6.9 லட்சம் ஓட்டர்கள் இருந்தார்கள். ராஜ்யம் முழுவதிலும் அப்பொழுது இருந்த 6 கோடியே 28 லட்சம் ஓட்டர்களை 234 தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு தொகுதிக்கு 2.7 லட்சம் பேருக்கும் குறைவு. ஆகவே இரண்டரைத் தொகுதிகளின் ஜனங்களுக்கு ஒரே பிரதிநிதி! பழைய மகாபலிபுரம் சாலையில் கணினிக் கம்பெனிகள் வந்து குவிந்ததன் பலன் இது. 2011 இல் அச்சாலையோரத்துக் கிராமங்கள் பல சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. வரி விதிக்கும் அதிகாரம் அன்றே வந்து சேர்ந்தது. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அவ்வளவு வேகமாக வரவில்லை. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போர் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தண்ணீர் லாரியையே நம்பி வாழ்ந்தார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவரும் நிலை இந்நகருக்கு நேர்ந்தது.

அச்சாலையின் சுங்கச் சாவடிகளை எடுக்கவேண்டும் என்ற கிளர்ச்சி பலமாக நடந்தது. 2021 ஆகஸ்டில் நான்கு சாவடிகளில் வசூல் நின்றது. நாவலூர்ச் சாவடியில் 2023 அக்டோபரில் நின்றது. நல்லதே. கண்ணுக்குத் தெரியும் குறையை ஜனங்கள் ஒருமுகமாய்க் கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு இஃது அத்தாட்சி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. அதை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே குறிப்பிடுகிறோம். தெற்குப் புறநகர் ஏரிகள் பலவற்றின் மிகைநீர் இதில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குச் சென்று, கோவளம் பக்கம் கடலை அடையவேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்ததாக மதிக்கப்படும் இந்நிலத்தில் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேரே. எஞ்சியதில் பெரும்பகுதி வீடுகளும் கம்பெனிகளும் குப்பைமேடுமாயிற்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஜனங்கள் படகேறி வெளியேறியதற்கு வருண பகவானை மட்டும் நோவது நியாயமாகாது.

இக்கட்டிடங்கள் ஒரே இரவில் முளைத்தவை அல்ல. விதி மீறிக் கட்டியவருக்குச் சட்டசபையே மன்னிப்பு வழங்கி வந்திருக்கிறது. நகர ஊரமைப்புச் சட்டத்தில் 1998 இல் ஒரு திருத்தம் செய்து, கட்டணம் செலுத்தினால் அத்துமீறிய கட்டிடத்தை ஒழுங்குபடுத்தலாம் என்றார்கள். ஒருமுறை மட்டும் என்ற நிபந்தனையின் பேரில் 2000 இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது. அந்த ஒருமுறை பிறகு மூன்று தடவை நீட்டப்பட்டது! 2006 இல் சென்னை ஹைக்கோர்ட்டு அந்த நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. 2012 இல் வேறொரு பிரிவு பிறந்து, 2007 ஜூலை முதல் தேதிக்கு முற்பட்ட கட்டிடங்களுக்கு வழி திறந்தது. அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளுக்கோ 2017 இல் தனி விதிகள் ஏற்பட்டன. இதனிடையே கட்சிகள் மாறி மாறி அதிகாரத்துக்கு வந்தன. மன்னிப்பு மட்டும் மாறவில்லை.

சாக்கடை கட்டுவது மாநகராட்சியின் கடமை. அதற்காக அபேட்சகர் பரிந்து பேசலாம். இத்தகைய மசோதாவுக்குக் கை தூக்குவதோ மறுப்பதோ அவர் ஒருவரே செய்யக்கூடியது. அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. காரணம் ரகசியமன்று. ஏமாற்றுக்காரரிடம் மனை வாங்கிய ஏழைக் குடும்பமும் ஓட்டரே, ஏரிக்கரையை விற்ற தரகரும் ஓட்டரே. முன்னவருக்கு இரக்கம் காட்டுவதாகச் சொல்லிப் பின்னவரைத் தப்பவிடுவது எளிது. இவ்விருவரையும் பிரித்து நடத்த ஒரு சட்டம் எழுத முடியாதா? விற்றவரிடம் அபராதம் வாங்கி, வாங்கியவருக்கு மாற்றிடம் தர வழி செய்யக் கூடாதா? இக்கேள்விக்கு அபேட்சகரின் அபிப்பிராயம் நமக்குத் தெரியவேண்டும்.

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், ஆராய்ச்சி முடியும் வரை, புதுக் கட்டிடத்துக்கு அனுமதி தரலாகாதென்று உத்தரவிட்டது. இதனால் சொந்த மனையில் வீடு கட்ட இயலாது தவிப்பவரின் துயரம் மெய்யானது. அவர்களிடம் சென்று தடையை நீக்குகிறேன் என்று கூறும் அபேட்சகர், அதே மாலையில் வேளச்சேரியில் வெள்ளம் வராமல் காப்பேன் என்றும் பேசுவாரானால், இரண்டில் எது நிஜம் என்று யாராவது எழுந்து கேட்கவேண்டும்.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது பெருந்திட்டம் 2008 இல் ஏற்பட்டு 2026 வரைக்கென வகுக்கப்பட்டது. அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் எந்த ஏரி ஏரியாகவே இருக்கும், எது குடியிருப்பு நிறம் பூசிக்கொள்ளும் என்பது அடுத்த இருபது வருஷத்து மழைக்காலங்களைத் தீர்மானிக்கும். தென்புறத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் அவ்வரைபடத்தைப் பார்த்திருக்கிறார்களா, பார்த்திருந்தால் தங்கள் தொகுதியின் எந்தெந்த சர்வே எண்களை நீர்நிலையாகவே காப்பதாக எழுத்துமூலம் தருவார்கள் என்று குடியிருப்போர் சங்கங்கள் கேட்குமாறு கோருகிறோம். பதில் வந்தால், எந்தக் கட்சியாருடையதாயினும், கூட்டாமல் குறைக்காமல் இப்பக்கத்தில் வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம்.