கேட்காமலே கொடுக்கலாம்



போரில் வீடு இழந்தவளுக்காக உண்டியல் குலுக்கலாம். காலை இழந்தவளுக்காகவும் குலுக்கலாம். போர்க்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவளுக்காக எப்படிக் கேட்பது? அண்மையில் எங்கள் பெண்கள் நிலையத்துக்கு வந்த பாடசாலை மாணவிகள் சிலருக்கு இந்தச் சிக்கல்தான். வடையும் சர்பத்தும் விற்றுச் சேர்த்த காசோடு வந்திருந்தார்கள்.

"அன்ரி, ஒரு அக்காவையெண்டாலும் கூட்டிவந்து கதைக்கவிட்டால்தானே மற்றப் பிள்ளையளுக்கு விளங்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர்கள் மனம் நல்லது. ஆனாலும் நான் மறுத்தேன். அதன் காரணத்தை உங்களோடும் பகிர விரும்புகிறேன்.

விழிப்புணர்வுக்கு நம் மண்ணின் வரலாறே போதும். 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். படையினர் அவளைக் கூட்டு வன்புணர்வுக்கு உட்படுத்திக் கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். பெண்கள் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் குரல் எழுப்பின. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது.

கிருசாந்தியைப் பெயர் சொல்லி நினைவுகூருகிறோம். இனி அவளை எவரும் நோகடிக்க முடியாது. உயிரோடு இருப்பவளின் நிலை வேறு. அவள் நாளைக்கும் சங்கக்கடைக்குப் போகவேண்டும். மகளுக்குக் கலியாணம் பேசவேண்டும். பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை அவளுடைய அனுமதியின்றி வெளியிடுவது குற்றம் என்று 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சொல்கிறது. நல்ல எண்ணத்தோடு முகநூலில் போட்டாலும் காயம் காயந்தான்.

1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் 'பூரணி' என்ற பெண்கள் இல்லம் இருந்தது. அதை உருவாக்க உழைத்தவர்களில் ஒருவர், யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜனி திராணகம. 1987இல் இந்தியப் படையினரால் பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதியவரும் அவரே. 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஒதுங்க ஓர் இடமும் பொறுமையாகக் கேட்க ஒரு காதும்தான் என்பதை 'பூரணி' போன்ற இல்லங்கள் நமக்குச் சொல்லித் தந்தன.

தானே பேச விரும்பும் பெண்ணைத் தடுக்கவும் கூடாது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படையின் பாலியல் அடிமையாக்கப்பட்ட கொரியப் பெண் கிம் ஹக்-சுன், 1991இல் தானாக முன்வந்து உலகறியப் பேசினார். 1992 முதல் சியோலில் புதன்கிழமைதோறும் நடந்த போராட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். 2012இல் கிம் பொக்-டொங், கில் வொன்-ஒக் என்ற இரு மூதாட்டிகள், கொங்கோ போன்ற நாடுகளில் போரில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 'வண்ணத்துப்பூச்சி நிதி'யைத் தொடக்கிவைத்தார்கள். பேசுவதும் பேசாமல் இருப்பதும் அவரவர் தீர்மானம்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவிகள் யாரையும் மேடைக்கு அழைக்கவில்லை. கிருசாந்தி வழக்கைப் பற்றித் தாங்களே படித்து மற்ற மாணவிகளுக்குச் சொன்னார்கள். சேர்த்த காசை நிலையத்தின் பொது உதவி நிதியில் போட்டோம். ஒருத்திக்கு வைத்தியசாலைக்குப் போய்வர பஸ் காசு, இன்னொருத்திக்குத் தையல் மெசின் திருத்தும் செலவு, வேறொருத்தியின் பிள்ளைக்குக் கொப்பிகள். யாருக்கு எதனால் கொடுக்கப்பட்டது என்று எந்தப் பட்டியலும் வெளியே போகாது.

சகோதரிகளே, உதவி பெறுவதற்காக உங்கள் வேதனையை எவருக்கும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. யாராவது அப்படிக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பேசவேண்டும் போல் இருந்தால் அரச வைத்தியசாலைகளில் உள்ள 'நட்பு நிலையம்' பிரிவை நாடலாம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெட்கப்பட வேண்டியவர்கள் குற்றம் செய்தவர்கள். நீங்கள் அல்ல.