அனிமேத் தொடர்கள்: குணமும் குற்றமும்

நம் விடுதிகளில் இரவு உணவுக்குப் பின் எழும் வாதங்களுள் அரசியலுக்கும் கால்பந்துக்கும் அடுத்த இடம் இன்று அனிமேக்கே உரியது. ஜப்பானியர் படைத்து உலகெங்கும் பரப்பிய இச்சித்திரத் தொடர்களை ஒரு சாரார் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார், "கல்லூரிக்கு வந்த பின்னும் பொம்மைப் படமா?" என்று எள்ளி நகையாடுகின்றனர். கொண்டாடுவோர் குற்றம் காண்பதில்லை. எள்ளுவோர் படத்தையே காண்பதில்லை. குணத்தையும் நாடு, குற்றத்தையும் நாடு, எது மிகுதியோ அதனைக் கொண்டு முடிவு செய் என்பது வள்ளுவர் நமக்கு வகுத்துத் தந்த நெறி. அந்நெறி நின்று இத்தொடர்களை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வறுமையில் பிறந்த கலை

1963ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் 'ஆஸ்ட்ரோ பாய்' என்னும் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றியது. அதனை உருவாக்கியவர் ஒசாமு தெசுகா. ஓவியக் கதை வரைவதில் அந்நாட்டின் முடிசூடா மன்னராக விளங்கியவர் அவர். திரைப்படச் சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும். அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமாயின் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு ஓவியங்கள் வரை தேவை. வாரந்தோறும் ஒரு பகுதி தர வேண்டியிருந்த தெசுகாவுக்கு அதற்குரிய பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. எனவே எட்டு ஓவியங்களாலும், சிற்சில இடங்களில் அதனினும் குறைந்தவற்றாலும் அவர் ஒரு நொடியை நிரப்பினார். பேசுங்கால் வாய் மட்டும் அசையும், உடல் அசையாது. ஒருமுறை வரைந்த ஓவியத்தைச் சேமித்து வைத்துப் பின்னும் பன்முறை பயன்படுத்தினார்.

குறையென்று தொடங்கிய இம்முறையே காலப்போக்கில் ஒரு தனி நடையாயிற்று. அசைவு குறைந்தமையால் ஓவியத்தின் அமைப்பும் ஒளியும் இசையும் மௌனமும் அவ்விடத்தை நிரப்பலாயின. ஒரு பாத்திரம் சாளரத்தின் வழியே மழையைப் பார்த்து நிற்கும், ஒன்றும் நிகழாது. ஆயினும் அதன் உள்ளத்துத் துயரம் நமக்குப் புலனாகும். முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்குத் துணை நிற்கும் அகப்பாட்டில் பயின்ற நமக்கு இஃது அயலான உத்தி அன்று.

குணங்கள்

முதலாவது, உழைத்துப் பெற்ற உண்மைத் தன்மை. 1974ஆம் ஆண்டில் வந்த 'ஹைடி' 52 பகுதிகள் கொண்டது. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவுடன் வாழும் ஒரு சிறுமியின் கதை அது. இசாவோ தகஹதா இயக்க, ஹயாவோ மியாசாகி காட்சி அமைப்பு வரைந்தார். சிறுவர் தொடர்தானே என்று அவர்கள் வாளா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் வீட்டையும் கண்டு வந்து வரைந்தனர். சிறுவருக்கு ஆக்கும் படைப்பிலும் பெரியோருக்குரிய உழைப்பைச் செலுத்துதல் வேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

இரண்டாவது, அறச்சிக்கலை எளிமைப்படுத்தாத துணிவு. ஹிரோமு அரகாவா என்னும் பெண் எழுத்தாளரின் ஓவியக் கதையைத் தழுவி 2009–10இல் வெளிவந்தது 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்று உடலை இழந்த இரு சகோதரர்கள் அதன் தலைமைப் பாத்திரங்கள். ஆனால் கதை அவர்களோடு நின்றுவிடவில்லை. ஓர் அரசு தன் குடிமக்களுள் ஓரினத்தையே அழித்த கொடுமையையும், கட்டளைக்குப் பணிந்து கொன்ற படைவீரர் பின்னாளில் தம் நெஞ்சோடு போராடுவதையும் அது பேசுகிறது. நல்லவன் வெள்ளை, தீயவன் கறுப்பு என்று பிரித்துப் பழகிய நம் திரைக்கதைகளை நோக்க இது எவ்வளவோ மேல். மேலும் 64 பகுதிகளில் தொடங்கி, வளர்ந்து, முடிகிறது. முடிவு தெரிந்து தொடங்கும் கதைக்குள்ள கட்டுக்கோப்பை அதில் காணலாம்.

குற்றங்கள்

எல்லாத் தொடருக்கும் அக்கட்டுக்கோப்பு வாய்ப்பதில்லை. மூலமாகிய ஓவியக் கதை வார இதழில் வந்துகொண்டிருக்கும்போதே தொடரும் தொடங்கிவிடுகிறது. தொடர் மூலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் என் செய்வது? மூலத்தில் இல்லாத கிளைக்கதைகளைப் புகுத்தி நாளைக் கடத்துவர். 'நருட்டோ'வின் முதல் தொடரில் உள்ள 220 பகுதிகளுள், இறுதியில் வரும் ஏறக்குறைய எண்பது பெரும்பாலும் இத்தகையன. 1999இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' ஆயிரத்து நூறு பகுதிகளையும் கடந்துவிட்டது. அதன் கற்பனை வளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பார்வையையும் ஒரே வியப்பையும் நீட்டி நீட்டிக் காட்டும் பகுதிகளை அதன் அன்பர்களும் மறுக்க இயலாது. அப்பகுதிகளுக்காகக் காலை வகுப்பை இழக்கும் தோழர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

அடுத்தது, பெண்பாத்திரங்களைக் காட்டும் முறை. வீரமும் அறிவும் உடையவளாக ஒருத்தியைப் படைத்துவிட்டு, கதைக்குத் தேவையின்றி அவள் உடலைக் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் பல தொடர்களில் உண்டு. பள்ளி மாணவியரையும் இவ்வாறு வரைவது எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. "அது அந்நாட்டு மரபு" என்று கூறி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது; ஹைடியும் அந்நாட்டில் பிறந்தவளே.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான 'போக்கிமான்' பகுதியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மாறி மின்னின. அதனைக் கண்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட சிறார் வலிப்பும் மயக்கமும் உற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர் நான்கு திங்கள் நிறுத்தப்பட்டது. ஒளிநிறைந்த அறையில், திரையினின்று விலகி அமர்ந்து காணுங்கள் என்னும் அறிவிப்பு ஜப்பானில் வழக்கமானது இதன் பின்னரே. விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் கைப்பேசியில் காணும் நமக்கும் அவ்வறிவிப்பு பொருந்தும்.

எல்லாவற்றினும் பெரிய குற்றம் திரையில் தெரிவதில்லை. மலிவான விலைக்குத் தொடரை விற்கும் வழக்கம் தெசுகா காலத்திலேயே வேரூன்றியது என்பர். இன்றும் பல நிறுவனங்கள் பணம் போட்டுக் குழுவாகத் தயாரிக்கும் தொடரில், வரைந்தவர்க்கு உரிமைப் பங்கு சேர்வது அரிது. இடைப்பட்ட அசைவுகளை வரையும் இளைஞர் பலர் ஓவியம் ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறுகூலி பெற்று இரவுபகலாக உழைக்கின்றனர். கலைஞர்க்கு மாத ஊதியம் தந்து போற்றியதால் புகழ்பெற்றது கியோட்டோ அனிமேஷன். அந்நிறுவனத்திற்கு 2019இல் ஒருவன் தீயிட்டதில் 36 பேர் மாண்டனர். இருந்த நல்ல முன்மாதிரிக்கே இக்கதி நேர்ந்தமை நெஞ்சை உருக்குவது.

நம் நாட்டில்

இந்தியாவில் அனிமே வேரூன்றியது மொழிமாற்றத்தால். 1989இல் ஜப்பானியர் 52 பகுதிகளாக எடுத்த 'ஜங்கிள் புக்' தொடரைத் தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் இந்தியில் ஒளிபரப்பியது. பெரியோரை மதியாத பேச்சுக்காக 'ஷின்சான்' 2008இல் இங்குத் தடை செய்யப்பட்டு, வெட்டுகளுடன் மீண்டும் வந்தது. 2013இல் வங்கதேசம் இந்தி பேசும் 'டோரேமான்' ஒளிபரப்பை நிறுத்தியது. அந்நாட்டுச் சிறார் வங்கமொழிக்கு மாறாக இந்தியைக் கற்கின்றனர் என்பதே காரணம். ஒரு பூனைப் பொம்மை ஒரு நாட்டின் மொழிக்கவலையைக் கிளறிவிட்டது! மலையாள நாட்டில் தமிழ் பயிலும் நமக்கு அக்கவலை எளிதில் விளங்கும்.

இப்போது தமிழிலும் அனிமே வருகிறது. ஜப்பானியரும் இந்தியரும் கூடிப் படைத்த இராமாயணத் திரைச்சித்திரம் 2025 சனவரியிலும், 'டீமன் ஸ்லேயர்: இன்பினிட்டி காஸில்' அவ்வாண்டு செப்டம்பரிலும் தமிழ் பேசித் திரையரங்குகளுக்கு வந்தன. இவ்விடத்தில் மொழிமாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இல்லையென்றே கொள்வோம். வினை இறுதியில் நிற்றலும், மூத்தோரை முறைசொல்லி அழைத்தலும், மரியாதைக்கேற்பச் சொல் மாறுதலும் இருமொழிக்கும் பொது அல்லவா? முன் சொன்ன கதையில் தம்பி அண்ணனைப் பெயர் சொல்லாமல் முறைசொல்லியே அழைக்கிறான். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்று அதனைப் பெயர்த்தால் செயற்கையாக ஒலிக்கிறது. தமிழிலோ 'அண்ணா' என்றால் போதும். அன்பு முழுவதும் வந்துவிடும். ஆங்கில வரிகளைப் பார்த்துத் தமிழாக்கினால் இந்நயம் இழக்கப்படும். ஜப்பானிய மொழி பயின்று நேரே பெயர்க்கும் தமிழர் தோன்றினால், இத்துறையில் நம் மொழிக்கு ஆங்கிலத்தினும் சிறந்த இடம் உண்டென்பது என் துணிபு.

நம்மிடம் இத்தகைய கலை இல்லையோ எனின், உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோற்பாவைக் கூத்து நிகழ்கிறது. திரைக்குப் பின் விளக்கொளியில் பாவைகள் ஆட, கம்பன் பாடல்களைத் தமிழிலேயே பாடுவர். இருபத்தொரு இரவு தொடர்ந்து நடக்கும் கூத்துகளும் உண்டு. அதுவும் சித்திரத் தொடர் அன்றோ? நம் காரியவட்டம் வளாகத்தின் அருகிலுள்ள டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளை 2003இல் தொலைக்காட்சித் தொடராக்கியது. திறமையும் மரபும் நம் வாயிலிலேயே உள்ளன. ஹைடிக்காக மலையேறியவர்களின் பொறுமையும், கதையை உரிய இடத்தில் முடிக்கும் கட்டுப்பாடும், வரைவோர்க்கு நேர்மையான ஊதியமுமே நாம் தேடிக்கொள்ள வேண்டியவை.

ஆகவே அனிமேயை முற்றும் கொள்ளவும் வேண்டா. முற்றும் தள்ளவும் வேண்டா. ஒரு தொடரைத் தொடங்குமுன், இதற்கு முடிவுண்டா, இது மாந்தரை மாந்தராகக் காட்டுகிறதா என்னும் இரு வினாக்களை எழுப்புங்கள். ஆம் எனில் அமர்ந்து காணுங்கள். கண்ட பின் அதனைப் பற்றித் தமிழில் நாலு பேரிடம் பேசுங்கள், இயலுமாயின் எழுதுங்கள். நல்ல திறனாய்வு வளரும் மொழியில் நல்ல படைப்பும் ஒருநாள் பிறக்கும்.