பழைய காருக்குப் புது வயரிங்

அரை நூற்றாண்டைத் தாண்டிய மோரிஸ் மைனர் ஒன்றின் போனட்டைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடும் பழுப்பு நிற வயர் ஒன்றை லேசாக வளைத்துப் பாருங்கள். மேலே சுற்றிய பருத்தி நூல் பின்னல் பொடியாக உதிரும். அதனடியில் ரப்பர் உறை வெடித்திருக்கும். வெடிப்பின் வழியே கறுத்துப்போன செம்புக் கம்பி தெரியும். இஞ்சின் எவ்வளவு சீராக ஓடினாலும், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், வயரிங் இந்த நிலையில் இருக்கும் காரைச் சாலையில் இறக்கக் கூடாது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948-இல் பிரிட்டனில் அறிமுகமானது. உற்பத்தி 1971-இல் முடிவதற்குள் 16 லட்சம் கார்களுக்கு மேல் தயாராகின. பிரிட்டனில் மட்டுமல்ல, இலங்கைச் சாலைகளிலும் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். இந்தக் கார்களின் ஆயுளை நீட்டிக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது வயரிங்கைத்தான்.

ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆக்சிஜனும் ஓசோனும் இஞ்சின் சூடும் ஆண்டுக்கணக்கில் சிதைக்கின்றன. பின்னாளில் வந்த பிவிசி உறையோ, அதை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மம் மெல்ல வெளியேறியதும் விறைத்துவிடுகிறது. வயர் முழுவதும் சேர்ந்தே மூப்படைவதால், வெடித்த இடத்தில் மட்டும் டேப் சுற்றுவது தீர்வாகாது.

மைனரில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் பழுப்பு வயருக்கும் பாதுகாப்பு கிடையாது. அதன் செம்பு பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும்.

வெளியே தெரியாத நஷ்டம் இணைப்புகளில் இருக்கிறது. பச்சைக் களிம்பேறிய ஒரு புல்லட் கனெக்டரின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 7.5 ஆம்பியர் இழுத்தால், அங்கேயே 0.75 வோல்ட் வீணாகும். ஐந்தரை வாட்டுக்கு மேல் வெப்பமாகும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மிக வேகமாகக் குறையும். 12 வோல்ட் 11.25 ஆனால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பழைய கார் என்றாலே மங்கலான விளக்கு என்று பலர் பழகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

புது ஹார்னெஸ், அதாவது காரின் வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு, கையில் இருந்தாலும் பழையதை அவசரப்பட்டு வெட்டி எறியக் கூடாது. எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு அதுவே நம்பகமான வரைபடம். ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டி, படம் எடுத்த பிறகே கழற்ற வேண்டும். உருவுவதற்கு முன் பழைய வயரின் நுனியில் கயிறு கட்டிவிட்டால், வயர் வெளியே வரும்போது கயிறு அதன் தடத்தில் நிற்கும். புதியதை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். வயர் நுழையும் தகட்டுத் துளைகளில் கிராமெட் என்னும் ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு புது உறையையும் அறுத்துவிடும்.

எர்த் இணைப்பு விழும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு மின்னும்வரை சுரண்ட வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் பக்கத்து பல்பின் வழியே திரும்பப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பது அதனால்தான். ஃபியூஸிலும் எச்சரிக்கை தேவை. இந்தக் கார்களில் இருக்கும் லூகாஸ் நிறுவன ஃபியூஸில் 35 என்றிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழ பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும்.

வேலை முடிந்ததும் பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள். பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென எரிந்தால் எங்கோ ஷார்ட். இரண்டு ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது என்பதால் எதுவும் கருகாது, நிதானமாகத் தேடலாம்.

இறுதியாக, நிறங்கள். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன் சுவிட்சைத் தாண்டியது, பச்சை அதற்குப்பின் ஃபியூஸ் வழியாக வந்தது, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். கடையில் கிடைத்த ஒரே நிற வயரை எங்கும் இழுத்தாலும் இன்று கார் ஓடத்தான் செய்யும். ஆனால் இருபது ஆண்டு கழித்து, இரவில், நடுவழியில் அதைப் பழுது பார்ப்பவருக்கு எந்த வயர் எதற்கு என்று தெரியாது. நிறத்தை மாற்றாமல் வயரிங் செய்பவர், தான் அறியாத அந்த மெக்கானிக்குக்கும் சேர்த்தே வேலை செய்கிறார்.